காகிதத்தைக் கெடுப்பது ஊசி அல்ல

பாடாங் செராய் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் கிளினிக், தமிழ்ப்பள்ளி, தபால் நிலையம், கோயில் மண்டபம் எங்கு பார்த்தாலும் காகிதம் குவிகிறது. பிரித்துப் போட்ட கடித உறை, பேரங்காடி விளம்பரம், நாள் கடந்த சுற்றறிக்கை, ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள். இவற்றைக் காகித மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போடுமுன் ஸ்டேப்ளர் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குபவர்கள் உண்டு. அந்த உழைப்பு தேவையில்லை. ஆலைக்குள் நடப்பது தெரிந்தால் எதைப் பிடுங்க வேண்டும் என்பது விளங்கும்.

காகிதம் என்பது மரநார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட விரிப்பு. அந்தப் பிடிப்பில் பெரும்பங்கு, நாரிலுள்ள செல்லுலோஸ் மூலக்கூறுகளுக்கு இடையே உண்டாகும் ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் நடுவில் புகுந்தால் பிணைப்பு விட்டுப்போகிறது. ஆலையின் பெரிய கொப்பரையில் 100 கிலோ கூழுக்குச் சுமார் 5 கிலோதான் காகிதம், மற்றதெல்லாம் தண்ணீர். சில நிமிடம் கடைந்தாலே நார்கள் தனித்தனியே மிதக்கும். பிறகு கூழைச் சுழலவிடும்போது கனமான ஊசி ஓரத்தில் ஒதுங்கி அடியில் விழுந்துவிடும். உறையின் பிளாஸ்டிக் சன்னல் கரையாமல் துண்டாகவே நிற்பதால் சல்லடை அதைப் பிடித்துவிடும்.

பிசின்தான் தொல்லை. முகவரி ஸ்டிக்கர், செலோடேப், தானாக ஒட்டும் உறையின் மடிப்பு ஆகியவற்றில் உள்ள பசை தண்ணீரில் கரையாது. வெதுவெதுப்பில் இளகி, சல்லடையின் மெல்லிய இடுக்கிலும் நெளிந்து புகுந்துவிடும். கூழோடு போய், தாளை உலர்த்தும் சூடான உருளையில் அப்பிக்கொள்ளும். புதுத்தாளில் ஓட்டை விழும். தாள் அறுந்தால் இயந்திரமே நிற்கும். எனவே ஸ்டிக்கர் ஒட்டிய மூலையையும் டேப்பையும் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

நாசி லெமாக் கட்டிவரும் பழுப்புத் தாளும் வேண்டாம். உட்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. போதாக்குறைக்கு நார்களைச் சேரவிடாத எண்ணெய் வேறு. ரசீதுத் தாளை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுத்தால் அது சூட்டில் எழுத்து பதியும் வெப்பத்தாள், அதில் பெரும்பாலும் பிஸ்பினால் வகை வேதிப்பொருள் இருக்கும், குப்பைக்கே போகட்டும். பளபளக்கும் விளம்பரத்தைக் கிழித்துப் பாருங்கள். நாரோடு கிழிந்தால் அது களிமண் பூச்சு, சேர்க்கலாம். ஜவ்வாக இழுபட்டால் ஒதுக்குங்கள்.

நோயாளி பெயர், அடையாள அட்டை எண் உள்ள தாள்களை மட்டும் நறுக்குங்கள். நறுக்கினால் நாரும் அறுபடுகிறது. குட்டை நாரில் வலு குறைவு, பொடித் துண்டுகள் சல்லடையில் நழுவிவிடும். நறுக்கியதைத் தனிப் பையில் கட்டிவையுங்கள். அரசாங்கக் கோப்பு என்றால் இன்னொன்று: 2003ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி, காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதியின்றி அரசு ஆவணத்தை அழிக்கக்கூடாது. இடம் போதவில்லை என்று பழைய பதிவேட்டை லோரியில் ஏற்றிவிடாதீர்கள்.

நம் ஊர் மழைக்காற்றில் திறந்து கிடக்கும் காகிதம் ஈரத்தை உறிஞ்சும். நனைந்த காகிதக் கட்டுகளில் பூஞ்சை பிடிக்கும். வாங்குபவர் எடையைக் கழிப்பார், இல்லையேல் ஏற்கவே மாட்டார். தரையிலிருந்து 10 செ.மீ. உயர்ந்த பலகையில், கூரைக்குக் கீழே, சுவரில் சாய்க்காமல் அடுக்குங்கள். கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். வெளியே வைக்கும் தொட்டிக்கு மூடி வேண்டும், தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். நீலத் தொட்டிக்குப் பக்கத்திலேயே சாதாரணக் குப்பைத் தொட்டியையும் வையுங்கள். அது இல்லாவிட்டால் தேநீர்க் கோப்பை நீலத்துக்குள்தான் விழும்.

சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் கட்டு 2.5 கிலோ. 20 செ.மீ. உயரத்துக்கு அடுக்கிக் கட்டினால் 10 கிலோ, ஒரு கையால் தூக்கலாம். 'சூராட் காபார் லாமா' (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கூவி வரும் லோரிக்கு எடை சொல்ல இந்தக் கணக்கு போதும். வெள்ளைத்தாளைத் தனியாகக் கட்டுங்கள், அட்டையோடு கலந்தால் அட்டை விலைதான் கிடைக்கும். பினாங்கு சிம்பாங் அம்பாட்டில் உள்ளதைப் போன்ற ஆலைகளில் பழங்காகிதம் அட்டைப்பெட்டித் தாளாகிறது. அதற்கு மையை முழுதும் நீக்க வேண்டியதில்லை. மீண்டும் வெள்ளைத்தாளாக்க வேண்டுமானால் சோப்பு கலந்து காற்றுக்குமிழ் விட்டு, குமிழில் ஒட்டி மேலே வரும் மையை நுரையோடு வழித்தெடுக்க வேண்டும்.