ராஜினாமா பட்டனை அழுத்துவதற்கு முன் ஓர் இரவு பொறுங்கள்

சென்ற மாதம் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். ஓஎம்ஆர் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு தாள். நிறுவனத்தின் உள்தளத்தில் அவரே பதிவு செய்த ராஜினாமாவின் அச்சுப் பிரதி அது. காரணம் என்ற இடத்தில் ‘சொந்தக் காரணங்கள்’ என்று இருந்தது.

“உங்களுக்கு என்ன சொந்தக் காரணம்?” என்று கேட்டேன்.

“ஒன்றும் இல்லை மேடம். மேற்படிப்பு, திருமணம், வேறு வேலை, சொந்தக் காரணங்கள் என்று நான்குதான் அந்தப் பட்டியலில் இருந்தன. நிறுவனமே போகச் சொன்னது என்று ஒன்று அதில் இல்லை.”

அவருடைய குழு கையால் செய்துவந்த சோதனைகளில் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று செய்யத் தொடங்கியிருக்கிறது. சில மாதங்கள் ‘பெஞ்ச்’ என்று சொல்லி, எந்தப் பணியும் ஒதுக்காமல் உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு நாள் மதிய உணவு முடிந்து வந்தவரைச் சிறிய அறைக்கு அழைத்து, “இன்று மாலைக்குள் நீங்களாக விலகினால் இரண்டு மாதச் சம்பளம் தருவோம், இல்லையென்றால் டெர்மினேஷன்” என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போன் செய்துவிட்டு வருகிறேன் என்றதற்கும் அனுமதி இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் பட்டனை அழுத்திவிட்டார். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வாசல்வரை ஒருவர் கூடவே வந்து அனுப்பியிருக்கிறார்.

தொழிலாளர் வழக்குகளை நடத்தும் எனக்கு இந்தக் கதை புதிதல்ல. நிறுவனத்தின் பெயரும் கருவியின் பெயரும் மாறும், அறையும் அந்த ஒரு மணி நேரமும் மாறுவதில்லை. நேரில் எத்தனை பேரிடம் சொல்லியும் ஆறாததால் இதை எழுதுகிறேன்.

வருகிறவர்களில் பெரும்பாலானோர் சொல்லும் முதல் வாக்கியம், “எங்களுக்கெல்லாம் தொழிலாளர் சட்டம் கிடையாதே.” இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் முழுக்கத் தவறு. ஐடி ஊழியர்களுக்குத் தொழிற்தகராறு சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் இல்லை, அவர்கள் சங்கமும் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. அந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் ‘தொழிலாளி’ என்றால் உடலுழைப்பு, திறன்சார்ந்த வேலை, தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை ஆகியவற்றில் எதைச் செய்பவரும் அடங்குவார். நிரல் எழுதுவதும், சோதிப்பதும், வாடிக்கையாளரின் சர்வரைப் பராமரிப்பதும் தொழில்நுட்ப வேலை இல்லையென்றால் வேறு எதுதான் தொழில்நுட்ப வேலை?

“நான் டீம் லீட் ஆயிற்றே”, “என் பதவியில் மேனேஜர் என்று இருக்கிறதே” என்பது அடுத்த வாக்கியம். பதவியின் பெயரைச் சட்டம் பார்ப்பதில்லை. 1985இல் ஒரு மருந்து நிறுவன ஊழியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. ஒருவர் பல வேலைகள் செய்தால், அவற்றில் முதன்மையானது எது என்றுதான் பார்க்க வேண்டும். உங்களால் ஒருவரை வேலைக்கு எடுக்க முடியுமா? நீக்க முடியுமா? ஒருவருக்கு ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் உண்டா? விடுப்பு விண்ணப்பத்தில் உங்கள் ஒப்புதல்தான் இறுதியா? இவற்றுக்கெல்லாம் இல்லை என்று பதில் சொல்லிவிட்டு, நாள் முழுவதும் நிரல் எழுதிக்கொண்டும் மூன்று இளையவர்களுக்குச் சந்தேகம் தீர்த்துக்கொண்டும் இருப்பவர் நிர்வாகி ஆகிவிடமாட்டார். சம்பளம் அதிகம் என்பதும் காரணம் ஆகாது. பழைய சட்டத்தில் 10,000 ரூபாய், புதிய தொகுப்பில் 18,000 ரூபாய் என்ற வரம்பு மேற்பார்வை வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான். தொழில்நுட்ப வேலை செய்பவருக்குச் சம்பள உச்சவரம்பே கிடையாது. தயவுசெய்து இந்த ஒரு வரியை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

சரி, சட்டம் பொருந்தினால் என்ன கிடைக்கும்? கருவி வந்ததால் ஆள் வேண்டாம் என்று ஒரு நிறுவனம் முடிவு செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. அதற்கு ‘ஆட்குறைப்பு’ என்று பெயர் வைத்து, சில கடமைகளை விதித்திருக்கிறது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான ஊதியம் தர வேண்டும். நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஓராண்டுக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால் வெளியேற்றப்பட்டவருக்கு முன்னுரிமை உண்டு. மறுதிறன் பயிற்சிக்காக 15 நாள் ஊதியத்துக்கு ஈடான தொகையையும் புதிய தொகுப்பு சேர்த்திருக்கிறது.

அந்தப் பெண்ணின் ஊதியம் மாதம் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினொரு ஆண்டுக்கு இழப்பீடு மட்டும் சுமார் 4,95,000 ரூபாய். நோட்டீஸ் ஊதியத்தைச் சேர்த்தால் 5,85,000. அவருக்குக் கொடுத்தது 1,80,000. இதில் எனக்கு மிகவும் ஆத்திரம் வந்த இடம் ஒன்று உண்டு. ‘சிறப்புத் தொகுப்பு’ என்று தலைப்பிட்ட கடிதத்தில் கிராஜுவிட்டி எனும் பணிக்கொடையையும் சேர்த்துக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, விலகினாலும் விலக்கினாலும், கிராஜுவிட்டி எப்படியும் வந்தாக வேண்டிய பணம். உங்கள் பணத்தையே எடுத்து உங்களுக்குச் சலுகையாகக் காட்டுகிறார்கள்.

அவருக்குக் கீழே, சேர்ந்து இரண்டே ஆண்டு ஆன ஒருவர் இன்னும் அதே குழுவில் இருக்கிறார். ஆட்குறைப்பு என்று எழுதியிருந்தால், மூத்தவரை ஏன் முதலில் அனுப்பினீர்கள் என்று கேட்டிருக்கலாம். ராஜினாமா என்று எழுதியதும் அந்தக் கேள்வியைக் கேட்கும் இடமே அடைபட்டுவிட்டது. தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. மிரட்டி வாங்கியது என்று நிரூபித்தால் அந்த ராஜினாமா செல்லாது, ஆனால் நிரூபிக்கும் சுமை ஊழியரின் தலையில் விழுகிறது. மூடிய அறையில் இருவர் சொன்னதை மூன்றாவதாக இருந்த நீங்கள் எதை வைத்து நிரூபிப்பீர்கள்?

இயந்திரம் வந்து ஆளைத் தள்ளும் என்பது சட்டம் எதிர்பாராத புது நிலைமை என்றும் சிலர் என்னிடம் வாதிடுகிறார்கள். 1956லேயே தொழிற்தகராறு சட்டத்தில் 9ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய வகையில் இயந்திரத்தையோ தொழில்நுட்பத்தையோ மேம்படுத்தினால், பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். புதிய தொகுப்பும் இதைக் கைவிடவில்லை. நாம் கேட்பதில்லை, அவர்களும் கொடுப்பதில்லை.

இன்னொரு பயம், ‘டெர்மினேஷன்’ என்ற சொல். அது பதிவாகிவிட்டால் வேறெங்கும் வேலை கிடைக்காது என்று அந்த அறையில் சொல்கிறார்கள், கேட்பவர் நடுங்கிப்போகிறார். ஒழுங்கீனத்துக்காக நீக்குவது வேறு, ஆட்குறைப்பு வேறு. உங்கள் மேல் குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை. அப்படியிருக்க எதைக் காட்டி ஒழுங்கீனம் என்று எழுதுவார்கள்? இன்று ஆட்குறைப்பில் வெளியே வந்தவர்கள் இல்லாத நிறுவனம் எது?

அந்த அறைக்குள் அழைக்கப்பட்டால் செய்ய வேண்டியது இதுதான். எதிலும் கையெழுத்து வேண்டாம், எந்தப் பட்டனும் வேண்டாம். “எழுத்தில் கொடுங்கள், படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். குரலை உயர்த்தாதீர்கள். அன்று இரவே உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து எச்.ஆர். துறைக்கு எழுதுங்கள்: இத்தனை மணிக்கு, இந்த அறையில், இன்னார் என்னை ராஜினாமா செய்யச் சொன்னார், எனக்கு விலக விருப்பமில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். நான்கு வரி போதும். நீதிமன்றத்தில் நாங்கள் தேடுவது அந்த நான்கு வரியைத்தான்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, மதிப்பீட்டுக் கடிதம், வருமான வரிப் பிடித்தத்துக்கான படிவம் 16 ஆகியவற்றை இப்போதே, வேலையில் இருக்கும்போதே, வீட்டில் பத்திரப்படுத்துங்கள். கணினி முடங்கிய பிறகு அழுது பயனில்லை. ஆனால் வாடிக்கையாளரின் கோப்பையோ நிரலையோ ஆதாரம் என்று நினைத்து வெளியே அனுப்பிவிடாதீர்கள். அது நீங்களே கையில் எடுத்துக்கொடுக்கும் ஒழுங்கீனக் குற்றச்சாட்டு. கணக்குத் தீர்க்க நாற்பத்தைந்து நாள் ஆகும் என்று சொன்னால், ஊதியச் சட்டத் தொகுப்பின்படி விலகினாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதிய பாக்கியைத் தர வேண்டும் என்று நினைவூட்டுங்கள்.

குழுத் தலைவர்களுக்கும் மேலாளர்களுக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். பட்டியல் தயாரிப்பதும், அறைக்குள் உட்கார்ந்து பேசுவதும் உங்கள் தலையில்தான் விழுகிறது, அது எனக்குத் தெரியும். பொய் மட்டும் சொல்லாதீர்கள். ஆட்குறைப்பு என்றால் ஆட்குறைப்பு என்று சொல்லுங்கள். எழுத்தில் கொடுக்கச் சொல்லி மேலிடத்தைக் கேளுங்கள். உண்மையிலேயே ஆளை எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ள நிர்வாகி என்றால், தொழிலாளிக்கு உள்ள இந்தப் பாதுகாப்புகள் உங்களுக்கு இல்லை. உங்கள் கையில் இருப்பது உங்கள் ஒப்பந்தம் மட்டும்தான். அதில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

நீதிமன்றம் என்றாலே பத்து ஆண்டு என்று பயப்படுகிறவர்கள் முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகலாம். அங்கே வழக்கறிஞர் ஆஜராகவே முடியாது. நானும் வர முடியாது, நிறுவனத்தின் வழக்கறிஞரும் வர முடியாது. நீங்கள், அவர்கள், அரசு அலுவலர், அவ்வளவுதான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் இருக்கிறது. 1947இல் வந்த அந்தச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்பக்கூடாது என்கிறது. சிறுசேரியில் உள்ள ஐடி நிறுவனத்தின் கண்ணாடிக் கட்டடத்துக்கும் அது பொருந்தும். அதில் மேல்முறையீட்டுக்கான காலக்கெடு மிகக் குறுகியது.

ஏற்கெனவே பட்டனை அழுத்திவிட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். நோட்டீஸ் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இன்றே திரும்பப் பெற்று எழுதுங்கள். பிற்பாடு அமலுக்கு வரும் ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்ற கொள்கையை, அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் ராஜினாமா பற்றிய வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 1978இல் ஏற்றிருக்கிறது. அன்றே ஏற்று அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றாலும், மிரட்டி வாங்கினார்கள் என்பதை நடந்த வரிசையில் எழுதி அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து எழுதினால், இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை என்றுதான் முதல் கேள்வி வரும். வழக்குத் தொடுக்கப் பழைய சட்டத்தில் மூன்று ஆண்டாக இருந்த காலக்கெடு புதிய தொகுப்பில் இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. வேறு வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.