கிராமட்டிக்கலி: ஹங்கேரியத்தில் ‘ஞெல்வ்தனிலக்’, தமிழில் ‘இலக்கணப்படி’

‘கிராமட்டிக்கலி’ என்னும் ஆங்கில வினையடைக்கு இரண்டு பொருள் உண்டு. ஒரு தொடர் இலக்கண விதிக்கு உட்பட்டு நிற்கிறது என்பது ஒன்று; ஒன்றை இலக்கணத்தின் பக்கமிருந்து நோக்குவது மற்றொன்று.

கிரேக்கத்தில் ‘கிராமா’ என்றால் எழுத்து. எழுத்துக்கலை என்று பொருள்பட்ட ‘கிராமட்டிக்கே’ இலத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் சென்று, பின்னர் ஆங்கிலத்தை அடைந்தது.

ஹங்கேரியர் இதே கிரேக்க வேரிலிருந்து ‘கிரம்மதிகயிலக்’ என்று ஒரு வடிவத்தை வைத்திருந்தாலும், ‘ஞெல்வ்தனிலக்’ என்னும் சொல்லே அம்மொழியின் இயல்பை நன்கு காட்டுகிறது. ‘ஞெல்வ்’ என்பது நாக்கையும் மொழியையும் ஒருசேரக் குறிக்கும்; அதன் முதலெழுத்து நம் ஞகர ஒலியேதான். ‘தன்’ என்பது கல்வித்துறையைக் குறிப்பது. எண்ணோடு சேர்ந்தால் எண்கணிதம், மொழியோடு சேர்ந்தால் இலக்கணம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்து 19ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்த ஹங்கேரிய மொழிச் சீர்திருத்த இயக்கம், சொந்த வேர்களைக் கொண்டே இத்தகைய கலைச்சொற்களை ஆக்கிக்கொண்டது. தனித்தமிழ் முயற்சிகளை அறிந்தவர்களுக்கு அந்த ஆர்வம் எளிதில் விளங்கும்.

‘ஞெல்வ்தன்’ என்னும் பெயரோடு இகரம் சேர்ந்தால் பெயரடை. அதன்மேல் ‘லக்’ சேர்ந்தால் வினையடை. இந்த விகுதி இகரத்துக்கு முன்னுள்ள உயிரொலிக்கு இசைய ‘லெக்’ என்றும் மாறும் என்பதால், கோட்பாட்டளவில் என்பதற்கு ‘எல்மேலெதிலெக்’ என்பார்கள். ‘வாக்கியம் இலக்கணப்படி சரி’ என்பது ‘அ மொந்தத் ஞெல்வ்தனிலக் ஹெயெஷ்’ என்றாகும். தமிழைப் போலவே இங்கும் ‘இருக்கிறது’ என்னும் வினை தேவையில்லை. ஆங்கிலத்தைப் பார்த்து அதைச் சேர்த்தால் ஹங்கேரியத்தில் பிழையாகிவிடும். இலக்கணப் பிழை என்று பெயருக்கு அடையாக வரும்போது ‘லக்’ நீங்கி, ‘ஞெல்வ்தனி ஹிப’ என்று நிற்கும்.

தமிழில் ‘இலக்கணரீதியாக’ என்பதே இன்று பெருவழக்கு. அது தவறன்று, ஆயினும் இரு பொருளையும் கலந்துவிடுகிறது என்பதால் நான் அதைத் தவிர்க்கவே விரும்புகிறேன். விதியைச் சுட்டும்போது ‘இலக்கணப்படி’ என்பதே தெளிவு: ‘பசித்த கல் நேற்றை மென்றது’ என்பது பொருளற்றதாயினும் இலக்கணப்படி பிழையற்றது. நோக்கைச் சுட்டும்போது ‘இலக்கண வகையில்’ என்பது பொருந்தும்: தமிழும் ஹங்கேரியமும் உறவற்ற மொழிகள், ஆனால் விகுதிகளை அடுக்கும் முறையால் இலக்கண வகையில் ஒத்தவை. பெயரடை வேண்டுமிடத்தில் நன்னூல் ஆண்ட ‘இலக்கணமுடையது’ என்னும் சொல் ‘இலக்கணமுடைய’ என்று நின்று இன்றும் கைகொடுக்கும்.

ஹங்கேரியம் இரண்டு பொருளுக்கும் ‘ஞெல்வ்தனிலக்’ என்ற ஒன்றையே ஆளுகிறது. ஆகவே அதிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பவர், அடுத்து வருவது சரி, தவறு என்னும் தீர்ப்பா, ஒப்பீடா என்று பார்த்த பின்னரே ‘படி’, ‘வகையில்’ ஆகியவற்றுள் ஒன்றைத் தேர வேண்டும்.