தெருவைச் சுற்றிவந்த சொட்டு மருந்து

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் டிவியில் செய்தி வருவதற்கு முன்பே எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிடும். வலைகள் திண்ணைக்கு வரும், டீக்கடையில் உட்கார இடம் கிடைக்காது. போன வாரம் அப்படியொரு நாளில் பேச்சு காற்றிலிருந்து மெட்ராஸ் ஐக்குத் தாவியது. "கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கிடும்" என்றார் ஒருவர். கண் டாக்டராக இருந்துகொண்டு பேசாமல் வர மனசில்லை. பார்ப்பதால் வராது, கை, துண்டு, தலையணை வழியாகத்தான் வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் இரண்டு வீடு தள்ளியிருக்கும் மதினி, பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்குக் கண் சிவந்து, இமை ஒட்டியிருந்தது. முந்தானையில் முடிந்திருந்த சின்ன பாட்டிலை அவிழ்த்து, "இதைத்தான் ரெண்டு நாளா விடுறேன் டாக்டரம்மா, நல்லாக் கேக்குது" என்றார்.

லேபிள் பாதி உரிந்திருந்தது. மூடியைச் சுற்றி மருந்து காய்ந்து உப்புப் பூத்த மாதிரி இருந்தது. எதிர்வீட்டுப் பெரியவருக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்ததாம். அவரிடமிருந்து கடைசி வீட்டுக்கு, அங்கிருந்து மதினிக்கு. குழம்புக் கிண்ணம் போகிற வழியிலேயே அதுவும் போயிருக்கிறது. மிச்சமிருந்த எழுத்தை டார்ச் அடித்துப் படித்தேன். பிரெட்னிசோலோன்.

அது ஸ்டீராய்டு. ஆபரேஷன் முடிந்த கண்ணில் அழற்சியை அடக்க நாங்களே எழுதுகிற நல்ல மருந்துதான். ஆனால் இத்தனை நாள், இத்தனை சொட்டு என்று படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். எந்தச் சிவப்பில் விட்டாலும் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால்தான் ஜனங்களுக்கு அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது, ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு குறையும், வைரஸ் கூடுதல் நாள் தங்கும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது வேறு. வெயில் காலத்தில் கண் அரிக்கிற பிள்ளைகளுக்கு, பழைய பாட்டிலைக் காட்டி மெடிக்கலில் அதையே திரும்பத் திரும்ப வாங்கி விடுகிறார்கள். மாதக்கணக்கில் விடும்போது சிலருக்குக் கண்ணுக்குள் நீர் வடிகிற பாதை அடைபட்டு அழுத்தம் ஏறும். வலிக்காது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறான் என்று ஒரு மாணவனை அழைத்து வந்தார்கள். கண் நரம்பு பெரும்பகுதி பட்டுப்போயிருந்தது. போன பார்வையை எந்த ஆபரேஷனாலும் மீட்க முடியாது. அந்த அம்மாவிடம் அதைச் சொன்ன நாள் இன்னும் மறக்கவில்லை.

சரி, பையனுக்கு அழுத்தம் சரியாக இருந்தது. ஈரத்துணி ஒத்தடம், தனித் துண்டு, பள்ளிக்கு லீவு என்று சொல்லிவிட்டு, பாட்டில் போய்வந்த கடைசி வீட்டுக்கு மதினியோடு நடந்தேன். அங்கே அந்த அக்காவின் வீட்டுக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார். கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டும்போது முள் பட்டு நாலு நாள். இதே மருந்துதான். டார்ச் வெளிச்சத்தில் கருவிழியில் குருணை அளவுக்கு வெள்ளை தெரிந்தது.

முள், ஓலை, செதில் பட்ட கண்ணில் பூஞ்சை பிடிக்கலாம். அதற்கு மேல் ஸ்டீராய்டு விடுவது களைக்கு உரம் போடுகிற வேலை. தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் வேண்டாம். கசக்காமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரெட்னால் என்று இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். ஏற்கெனவே பல நாள் விட்டிருந்தால், "கண் அழுத்தம் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அவரை அன்று இரவே ஆட்டோவில் ராமநாதபுரம் கூட்டிப்போனோம். புண்ணைச் சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சைதான். இப்போது மணிக்கொரு தரம் நட்டாமைசின் என்ற பூஞ்சை மருந்தை விடுகிறார்கள். வெள்ளை இன்னும் பரவவில்லை. நேற்று அந்த அக்கா, "சரியானதும் மிச்ச மருந்தைப் பத்திரமா எடுத்து வைக்கவா?" என்று கேட்டார். வேண்டாம், என்னிடமே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்றேன்.