கிழங்குக்குள் காத்திருக்கும் பூ

அமரில்லிஸ் என்ற பூச்செடியின் கிழங்கு ஒன்றை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். சதைப்பற்றான அடுக்குகளுக்கு நடுவே ஒரு மொட்டு ஏற்கெனவே உருவாகி இருக்கும். நாம் தொட்டியில் நடுவதற்குப் பல மாதங்கள் முன்பே செடி அந்த வேலையை முடித்துவிட்டது. ஏற்காடு போன்ற மலையூரில் பசுமைக்குடில் போட்டு, மாற்றுத்திறனாளி மாணவர்களோடு செடி வளர்க்க எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, விதையை விட்டுவிட்டு இப்படிப்பட்ட கிழங்கில் தொடங்குங்கள் என்றே சொல்வேன். அந்த மொட்டுதான் காரணம்.

பூச்செடி விதைகள் பலவும் பொடிப்பொடியானவை. விரல்கள் இறுகிப்போன ஒரு பிள்ளையால் அவற்றை எடுப்பதே கடினம். எடுத்து விதைத்தாலும் முளைத்த நாற்றுக்குக் கைவசம் உணவு மிகக் குறைவு. ஒருநாள் தண்ணீர் தவறினால் கருகிவிடும். வெங்காயம், சம்பங்கி, அமரில்லிஸ் போன்ற குமிழங்களோ, அதாவது அடுக்கடுக்கான கிழங்குகளோ, கட்டுச்சோற்றோடு புறப்பட்டவை. வெங்காயத்தை உரிக்கும்போது வருகிற ஒவ்வொரு அடுக்கும் ஓர் இலையின் அடிப்பகுதி. உணவும் நீரும் சேர்ந்து அது தடித்திருக்கிறது. அடியில் தட்டையாக, கெட்டியாக இருக்கும் சிறு வட்டுதான் தண்டு. வேர்கள் அந்த வட்டிலிருந்தே கிளம்புகின்றன.

நல்ல அமரில்லிஸ் கிழங்கு கைப்பிடிக்குள் நிறைவாக அடங்கும். மூளை முடக்குவாதம் உள்ள மாணவர் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துத் தொட்டியில் வைத்துவிடலாம். பார்வையற்ற மாணவர் தடவிப் பார்த்தே மேல் எது, கீழ் எது என்று சொல்லிவிடுவார்: கழுத்துப் பக்கம் கூம்பி இருக்கும், அடிப்பக்கம் காய்ந்த வேர்கள் நார்நாராகத் தட்டுப்படும். சரி, தலைகீழாக வைத்துவிட்டால்? பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வேர் நுனியில் உள்ள சில செல்களுக்குள் கனமான ஸ்டார்ச் மணிகள் இருக்கின்றன. வேர் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த மணிகள் புவியீர்ப்பால் கீழே சரிகின்றன. செடிக்குத் திசை தெரிகிறது. வேர் கீழ்நோக்கி வளைகிறது, தளிர் மேல்நோக்கி வளைகிறது. கிளாடியோலஸ் போன்றவை இன்னும் ஒருபடி மேலே போய், சுருங்கும் வேர்களால் தங்களைத் தாங்களே ஆழத்துக்கு இழுத்துக்கொள்கின்றன.

இனி உறக்கத்துக்கு வருவோம். அமரில்லிஸுக்கு வருடத்தில் சுமார் இரண்டு மாதம் வறண்ட ஓய்வு தேவை. அந்த நாட்களில் தண்ணீரை நிறுத்தினால் இலைகள் பழுத்து, அவற்றில் உள்ள சத்து கிழங்குக்குள் இறங்கும். பிறகு தண்ணீர் ஊற்றினால் ஆறு முதல் பத்து வாரத்துக்குள் பூக்கும். இந்த ஓய்வை ஏற்காட்டின் திறந்த வெளியில் கொடுப்பது கடினம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அங்கே பெய்யும், உறங்கும் கிழங்கு நனைந்து அழுகிவிடும். பசுமைக்குடில் வேண்டும் என்பது முதலில் இதற்காகத்தான். மழையை வெளியே நிறுத்திவிட்டால் செடியை எழுப்பும் நாளை முடிவு செய்வது தண்ணீர் ஊற்றும் கை. தன் வேலை பலவற்றையும் மற்றவர்கள் செய்து தரும் ஒரு பிள்ளைக்கு இந்த அதிகாரம் கிடைப்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

குடிலுக்குள் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது? வெயில் உள்ளே புகுந்து மண்ணையும் தொட்டிகளையும் சூடாக்குகிறது; அவை காற்றைச் சூடாக்குகின்றன; பாலித்தீன் கூரை அந்தக் காற்றை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயர வித்தியாசம், அதாவது சுமார் எட்டு டிகிரி. எனவே மலையில் பாலித்தீன் குடில் சரி. சேலத்தில் அதையே போட்டால் கோடையில் உள்ளே வெந்துவிடும். அங்கே நிழல்வலைதான் ஏற்றது.

அபூர்வச் செடிகளில், பூச்சி பிடிக்கும் குடுவைச்செடியை முதலில் சொல்வேன். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் மேகாலயாவின் குடுவைச்செடியைப் பார்க்கலாம். பூச்சி விழுந்ததும் குடுவையின் மூடி மூடிக்கொள்ளும் என்று பலரும் நம்புகிறார்கள். அது அசையவே அசையாது. வழுக்கும் விளிம்பும் உள்ளே இருக்கும் நீர்மமும்தான் பூச்சியைப் பிடிக்கின்றன. இதற்கு ஈரக்காற்று வேண்டும்; காற்று வறண்டால் இலை வரும், குடுவை வராது.

தொட்டாற்சிணுங்கிக்கு எந்தச் செலவும் இல்லை. இலைக்காம்பின் அடியில் ஒரு சிறு புடைப்பு இருக்கிறது. தொட்டவுடன் அதன் கீழ்ப்பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, பின்னாலேயே நீரும் வெளியேறுகிறது; விறைப்பு போய்க் காம்பு சாய்கிறது. சில நிமிடங்களில் நீர் திரும்பி வர, மறுபடி நிமிரும். ஒரு விரல் மட்டுமே அசைக்க முடிந்த மாணவருக்கும் இந்தச் செடி உடனே பதில் சொல்லும்.

மேசை உயரம், முழங்கால் நுழைய இடம், சக்கர நாற்காலி திரும்பும் அகலம் ஆகியவற்றைக் குடிலைக் கட்டும்போதே பார்த்துவிட வேண்டும். தண்ணீர் தேவையா என்று பார்க்கத் தொட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த மண் லேசாக இருக்கும். பூந்தண்டின் வளர்ச்சியை அளக்க, பக்கத்தில் ஊன்றிய குச்சியில் தினமும் ஒரு நூலைக் கட்டினால் போதும். முடிச்சுகளைத் தடவியே வளர்ச்சியைப் படித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கில் கொல்கிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. மாணவர் கைக்கு அது வரவே கூடாது. அமரில்லிஸிலும் வாந்தி உண்டாக்கும் லைகோரின் இருக்கிறது. தொட்டபின் கை கழுவ வேண்டும். எதையும் வாயில் வைக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்குச் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் கொடுங்கள். அவையும் கிழங்குப் பாடத்துக்குப் பொருத்தமானவைதான்.

பூ வாடியதும் பூந்தண்டை மட்டும் வெட்டுங்கள், இலைகளை விட்டுவிடுங்கள். அடுத்த பூவுக்கான உணவை அவைதான் சமைக்கின்றன. தாய்க்கிழங்கின் ஓரத்தில் குட்டிக்கிழங்குகள் பிரியும்போது, ஆளுக்கு ஒன்றாகச் சிறு தொட்டியில் வைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய நட வேண்டும். அவை பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.