ஆபீசுக்கும் போட்டுப் போகும் ரைடிங் பூட்: பைக் சாயும்போது அதற்குள் என்ன நடக்கிறது?

உங்கள் ஆபீஸ் ஷூ ஒன்றைக் கையில் எடுங்கள். விரல் மடங்கும் இடம்தான் ஷூவின் அகலமான இடம். அங்கே பெருவிரல் பக்கம் ஒரு உள்ளங்கையையும் சுண்டுவிரல் பக்கம் இன்னொன்றையும் வைத்து, இரண்டு பக்கமும் சேர அழுத்துங்கள். சோல் நடுவில் குழிந்து, ஷூ புத்தகம் மாதிரி மூடிக்கொள்ளப் பார்க்கும். கை பலத்துக்கே மடிகிற இந்த ஷூவுக்குள் கால் இருக்கும்போது, 112 கிலோ ஸ்பிளெண்டரோ 195 கிலோ கிளாசிக் 350-ஓ மேலே சாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நகரத்துக்குள் பைக்கிலிருந்து விழுகிறவர்களில் பலர் பெரிய வேகத்தில் விழுவதில்லை. திருப்பத்தில் கிடக்கும் மணல், மழையில் வழுக்கும் வெள்ளைக் கோடு, லாரி சிந்திய டீசல் என்று ஏதோ ஒன்றில் முன் சக்கரம் நழுவும், வண்டி பக்கவாட்டில் படுக்கும். கை ஹேண்டிலை விட்டுவிடும், உடம்பு உருண்டுவிடும். ஃபுட்ரெஸ்டில் இருந்த பாதம் மட்டும் எஞ்சினுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். கிராஷ் கார்டு கொஞ்சம் இடைவெளி தரும் என்பது உண்மைதான். ஆனால் பாதம் இருப்பது அதற்குப் பின்னால்.

பாதத்தின் அமைப்பு மேலிருந்து கீழே இறங்கும் எடைக்கானது. உள்ளங்காலின் வளைவு ஒரு பாலத்தைப் போல அந்த எடையைக் குதிகாலுக்கும் விரலடிக்கும் பிரித்துக் கொடுக்கிறது. பக்கவாட்டில் நெருக்கினால் அந்த வளைவால் பயனில்லை. விரல்களுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் ஐந்து நீள எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உடையும். கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனைகளின் மேல் சதையே கிடையாது. தோலுக்கு அடுத்தது எலும்பு. ஆகவே ஒரு நல்ல பூட் நான்கு வேலை செய்ய வேண்டும்: பக்கவாட்டு நெருக்கலைத் தாங்குவது, பாதம் முறுக்கிக்கொள்ளாமல் பிடிப்பது, கணுக்கால் எலும்பின் மேல் விழும் அடியை வாங்கிப் பரப்புவது, ரோட்டில் தேயும்போது கிழியாமல் இருப்பது. விரல் நுனியைக் காப்பது இதற்கெல்லாம் அடுத்துத்தான்.

தேய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. துணிக்கும் தார் ரோட்டுக்கும் இடையே உராய்வுக் கெழு சுமார் 0.7 என்று வைத்துக்கொண்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் விழுபவர் ஏறக்குறைய 9 மீட்டர் சறுக்கி 1.6 நொடியில் நிற்பார். 60-ல் விழுந்தால் 20 மீட்டர், 2.4 நொடி. வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் தூரம் இரண்டே கால் மடங்கு ஆகிறது.

இந்த ஒன்றிரண்டு நொடிகளை ஆய்வுக்கூடத்தில் கொண்டுவர ஓர் இயந்திரம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோடரிக் வுட்ஸ் உருவாக்கியது. சொரசொரப்பான உப்புத்தாள் பெல்ட் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும், அதன் மேல் தோல் துண்டு விழும், எத்தனை நொடியில் ஓட்டை விழுகிறது என்று அளப்பார்கள். மோட்டார் சைக்கிள் காலணிக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் (EN) 13634 இந்தச் சோதனையைக் கேட்கிறது. ஆபத்து அதிகமான பகுதிகளுக்கு முதல் நிலையில் 5 நொடி, இரண்டாம் நிலையில் 12 நொடி. ஆபத்து குறைந்த பகுதிகளுக்கு 1.5, 2.5 நொடி.

பூட்டின் நாக்கிலோ உள்பக்கமோ தைத்திருக்கும் சின்ன லேபிளில் பைக் ஓட்டுகிறவர் படம் ஒன்று இருக்கும். அதனருகே ஈஎன் 13634 என்ற எண்ணும், தொடர்ந்து நான்கு இலக்கங்களும் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. முதல் இலக்கம் பூட்டின் உயரம், இரண்டாவது தேய்மானம், மூன்றாவது வெட்டுப்படாத தன்மை, நான்காவதுதான் நாம் கையால் அழுத்திப் பார்த்த பக்கவாட்டு விறைப்பு. இயந்திரம் சோலை இரண்டு தட்டுகளுக்கு நடுவே பக்கவாட்டில் நெருக்கும். 1 வாங்க 1 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், அதாவது நூறு கிலோ எடைக்குச் சற்று மேல். 2 வாங்க 1.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 153 கிலோ.

ஆபீஸ் போகிறவருக்கு முதல் இலக்கம் 1 இருந்தாலே போதும். பேண்டுக்குள் அடங்கும், கணுக்காலும் மூடியிருக்கும். விட்டுக்கொடுக்கக் கூடாதது நான்காவது இலக்கத்தைத்தான். இரண்டு ஜோடிகளில் எது என்று குழம்பினால், அதில் 2 போட்டிருப்பதை எடுங்கள். இலக்கங்களுக்குப் பக்கத்தில் ஐபிஏ (IPA) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கணுக்கால் திண்டு அடியை வாங்குகிறதா என்ற சோதனையின் குறி அது. இந்தச் சோதனை கட்டாயமில்லை. அதனால் நான்கு இலக்கமும் நன்றாக இருந்து, கணுக்காலில் வெறும் பஞ்சு வைத்த பூட்டும் சந்தையில் கிடைக்கும். டபிள்யூஆர் (WR) என்றால் தண்ணீர் புகாதது, எஃப்ஓ (FO) என்றால் பெட்ரோல், ஆயில் பட்டால் சோல் கெடாதது.

சிஇ (CE) என்ற ஐரோப்பிய முத்திரையை மட்டும் காட்டி விற்றால் ஏமாறாதீர்கள். தொழிற்சாலை ஷூவுக்கும் சிஇ உண்டு. 13634 என்ற எண் இருக்கிறதா என்பதே கேள்வி. நம் நாட்டுச் சட்டம் ஹெல்மெட்டைக் கேட்கிறது, காலைப் பற்றிக் கவலைப்படவில்லை. செருப்புப் போட்டு ஓட்டினால் அபராதம் என்ற வதந்தி பரவியபோது, அப்படி எதுவும் இல்லை என்று 2019 செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே விளக்கம் சொன்னது. அபராதம் இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று ஆகாது, அவ்வளவுதான்.

“இரும்பு வைத்த சேஃப்டி ஷூ இருக்கிறதே, போதாதா?” என்று கேட்பவர்கள் நிறைய. அந்த ஷூவின் முன்கிண்ணம் 200 ஜூல் அடியையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்கும். எண்ணைப் பார்த்தால் ரைடிங் பூட்டையே தூக்கிச் சாப்பிடும் போலிருக்கும். ஆனால் அந்தப் பலம் முழுதும் விரல் நுனிக்கு மட்டும். கிண்ணம் முடியும் இடத்துக்குப் பின்னால், எலும்பு உடைகிற அதே இடத்தில், சாதாரண ஷூதான். தாழ்ந்த கழுத்துள்ளவற்றில் கணுக்கால் வெளியே. போதாக்குறைக்கு, கிண்ணத்தின் உயரத்தால் முன்பகுதி தடித்து, கியர் லீவருக்கு அடியில் நுழைய மறுக்கும்.

கடையில் லேபிளைப் படித்த பிறகு கையால் பார்க்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. முதலில் அந்தப் பக்கவாட்டு அழுத்தல். அடுத்து, குதிகாலை ஒரு கையிலும் முன்பக்கத்தை இன்னொரு கையிலும் பிடித்து ஈரத் துண்டைப் பிழிவது போல முறுக்குங்கள். நல்ல பூட் லேசாகத்தான் திரும்பும். சோலுக்குள் குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரை ஓடும் ஷாங்க் என்ற எஃகு அல்லது நைலான் பட்டைதான் அதற்குக் காரணம். விரல் மடங்கும் இடத்தில் மட்டும் பூட் வளைய வேண்டும். நடுவில் வளைந்தால் ஷாங்க் இல்லை என்று அர்த்தம். விரல் மடங்கும் இடத்திலும் வளையாவிட்டால் பார்க்கிங்கிலிருந்து மூன்றாம் மாடி ஏறுவதற்குள் கால் கெஞ்சும். குதிகாலைச் சுற்றியிருக்கும் கிண்ணத்தை, செருப்புத் தொழிலில் கவுண்டர் என்பார்கள், கட்டைவிரலால் அமுக்குங்கள். குழியக் கூடாது.

பிறகு போட்டு, லேஸ் கட்டி, உட்கார்ந்துகொண்டு, கூட வந்தவரைக் குதிகாலைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அது எவ்வளவு உயர்ந்த பூட்டாக இருந்தாலும் வேண்டாம். ரோட்டில் முதல் உருளலிலேயே காலை விட்டு ஓடிப்போகிற காலணி எதையும் காப்பதில்லை. லோஃபர் இதில் தோற்கும். எலாஸ்டிக் மட்டும் வைத்த ஃபேஷன் செல்சீ பூட்டும் பெரும்பாலும் தோற்கும். அதே தோற்றத்தில், உள்பக்கம் ஜிப் வைத்து ரைடிங்குக்காகவே செய்தவை இருக்கின்றன. ஜிப் ஏன் உள்பக்கம் என்றால், ரோட்டில் தேய்வது வெளிப்பக்கம். தையலும் அங்கே எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, நூல் அறுந்தால் தோல் தடிமனாக இருந்தும் பயனில்லை. லேஸ் பூட் வாங்கினால் நுனிகளைச் செருக இடம் இருக்கிறதா, மேலே வெல்க்ரோ மூடி இருக்கிறதா என்று பாருங்கள். தொங்கும் லேஸ் கியர் லீவரில் மாட்டினால், சிக்னலில் கால் ஊன்றப் போகும் நேரத்தில் கால் வராது. நின்ற வண்டியோடு சாய வேண்டியதுதான்.

தோல் என்று எழுதியிருப்பது எல்லாம் ஒரே தோல் அல்ல. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தொழிலில் இருப்பவர்கள் வெட்டிய விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மாட்டுத் தோலின் மேலடுக்கில் கொலாஜன் இழைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். கீழே போகப் போகப் பின்னல் தளரும். மேலடுக்கை எடுத்த பிறகு மிஞ்சும் கீழ்த்தோலின் மேல் பிளாஸ்டிக் பூச்சுப் போட்டு, அச்சடித்து விற்பதும் தோல் என்ற பெயரில்தான். அந்தப் பூச்சு தேய்ந்ததும் தளர்ந்த இழைகள் சட்டென்று பிய்ந்துவிடும். ஃபுல் கிரெயின், அதாவது மேலடுக்கை எடுக்காத தோல், தடிமன் 2 மில்லிமீட்டர் அளவில் என்று இருந்தால் நிம்மதி.

மழைக்காலம் வந்தாலே வாட்டர்ப்ரூஃப் பூட் மேல் ஆசை வரும். உள்ளே இருக்கும் சவ்வின் துளைகள் தண்ணீர்த் துளியை விடா, நீராவியை விடும் என்பார்கள். சரிதான். ஆனால் நீராவி தானாக வெளியே நடந்து போவதில்லை. உள்ளே இருக்கும் ஆவியழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசம் தள்ளிவிட வேண்டும். வியர்த்த பாதம் 35 டிகிரி, உள்ளே ஈரம் முழுதாக என்றால் ஆவியழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். லண்டனில் 10 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் வெளியே 1 கிலோபாஸ்கல்கூட இல்லை. வித்தியாசம் 4.6. சென்னையில் 30 டிகிரி, அதே 80 சதவீதம் என்றால் வெளியே 3.4. வித்தியாசம் 2.2 மட்டும். அதே பூட், அதே சவ்வு, தள்ளும் விசை பாதிக்கும் குறைவு. கால் வேகாமல் என்ன செய்யும்? ஐரோப்பாவில் பாராட்டிய பூட் இங்கே விரலிடுக்கில் சேற்றுப்புண் கொண்டுவருவதன் ரகசியம் இதுதான்.

தேங்கிய தண்ணீருக்கும் அது உதவாது. கணுக்கால் உயர பூட்டின் மேல்வாய் வழியாக ஒரு தடவை தண்ணீர் புகுந்தால், வெளியே விடாத சவ்வு இப்போது தொட்டியாகிவிடும். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வெயிலில் ஓட்டுபவருக்குச் சவ்வு இல்லாத, பக்கவாட்டில் சிறு துளையிட்ட தோல் பூட்டே நல்லது. வடகிழக்குப் பருவமழைக்கு மழை பேண்ட் ஒன்று, அதன் கால்முனை பூட்டின் மேலே இறங்கும்படி. உள்ளே செருகினால் பேண்டில் வழியும் தண்ணீர் நேராக பூட்டுக்குள் இறங்கும்.

பூட் மாறினால் வண்டியும் சற்று மாற வேண்டியிருக்கும். தடித்த சோலோடு காலை லீவருக்கு அடியில் நுழைக்கக் கணுக்காலை மடக்க வேண்டியிருந்தால் லீவரை உயர்த்துங்கள். இணைப்புக் கம்பி உள்ள வண்டிகளில் இரண்டு முனை லாக்நட்டையும் தளர்த்திக் கம்பியைத் திருகினால் போதும். ஒரு முனையின் மரை இடப்பக்கம் திருகுவது என்பதை மறக்காதீர்கள். லீவர் நேராகத் தண்டில் இருந்தால், 10-ம் நம்பர் ஸ்பானரால் போல்ட்டை முழுதாகக் கழற்றி, ஒரு பல் மேலே மாற்றிப் பூட்டுங்கள். தளர்த்தி இழுத்தால் வராது, போல்ட் தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். பின் பிரேக் பெடலையும் பாருங்கள். தடித்த சோல் அதன் மேலேயே தங்கிவிட்டால் பிரேக் லைட் அணையாது, லைனிங்கும் தேயும்.

அளவெடுப்பது மாலையில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், ஓட்டும்போது போடும் சாக்ஸோடு. எழுந்து நின்றால் விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, நடந்தால் குதிகால் தூக்காமல். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பளி கலந்ததோ செயற்கை இழையோ பரவாயில்லை. பேண்டின் பாட்டம் ஏழரை அங்குலம் இருந்தால் பூட்டின் கழுத்தை மறைத்து இறங்கும். அதற்குக் குறைந்தால் உட்காரும்போது மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். ஆபீசில் பளபளக்கும் ஃபார்மல்தான் வேண்டும் என்றால், ஃபார்மல் போல நடிக்கும் ரைடிங் ஷூவைத் தேடி அலைய வேண்டாம். ஒரு ஜோடியை மேசைக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

நனைந்த பூட்டை இன்சோலை உருவிவிட்டு, செய்தித்தாளைத் திணித்து, ஃபேன் காற்றில் வையுங்கள். தாளை இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டும். வெயிலிலும் ஹீட்டர் பக்கத்திலும் வைத்தால் தோல் சுருங்கும், சோலை ஒட்டிய பசை இளகும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பாலியூரித்தேன் சோல் காற்றின் ஈரத்திலேயே மெல்லச் சிதையும். போடாமல் அலமாரியில் பத்திரப்படுத்திய பூட்தான் இதில் சீக்கிரம் போகும். நாலைந்து வருடம் கழித்து எடுத்துப் போட்டால், வெளியே புதுசு போல இருக்கும், பத்தடி நடப்பதற்குள் சோல் கேக் மாதிரி உதிரும். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் வாங்கும்போது சோலின் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். மாவு போல் வந்தால் பெட்டியை மூடிக் கொடுத்துவிடுங்கள்.