இ.யூ.எல்.: அங்கீகாரமா, பட்டியலா?

கோவாக்சின் கொரோனா தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3 அன்று வழங்கியதை ‘அங்கீகாரம்’, ‘ஒப்புதல்’ என்றெல்லாம் எழுதுகிறோம். அது இ.யூ.எல்., அதாவது ‘எமர்ஜென்சி யூஸ் லிஸ்டிங்’. கடைசிச் சொல்லைக் கவனிக்க வேண்டும்.

‘லிஸ்ட்’ முதலில் துணியின் கரையை, கீற்றைக் குறித்தது. பிறகு காகிதக் கீற்றில் எழுதிய பெயர்வரிசைக்கு ஆகிவந்தது. அங்கீகாரம் வடசொல், தனதாக ஏற்றுக்கொள்வது என்று பொருள். ஒரு நாட்டு மக்களுக்கு ஊசி போட அனுமதிக்கும் சட்ட அதிகாரம் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கே உண்டு, உலக சுகாதார நிறுவனத்துக்கு இல்லை. கோவாக்சினுக்கு இந்திய அனுமதி 2021 ஜனவரி 3 அன்றே கிடைத்துவிட்டது. ஆகவே இ.யூ.எல். என்றால் ‘அவசரகாலப் பயன்பாட்டுப் பட்டியல்’. அமெரிக்கா ஃபைசருக்கு 2020 டிசம்பர் 11 அன்று தந்தது ‘அவசரகாலப் பயன்பாட்டு அனுமதி’. ‘உரிமம்’ என்ற சொல்லை 2021 ஆகஸ்ட் 23 அன்று அதே ஊசிக்குக் கிடைத்த முழு ஒப்புதலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எபோலா பரவலை ஒட்டி 2015இல் உருவான ஏற்பாடு இந்த இ.யூ.எல். யூனிசெஃப் போன்ற ஐ.நா. அமைப்புகளும், ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்கச் செய்த கோவாக்ஸ் திட்டமும் இதைப் பார்த்தே வாங்கின. ஆய்வு வசதி குறைந்த நாடுகள் இதை வைத்துத் தம் அனுமதியை விரைவாகத் தந்தன. உற்பத்தியாளர் தரம், பாதுகாப்பு, செயல்திறன் தரவுகளோடு இடர் மேலாண்மைத் திட்டமும் தர வேண்டும். ஏழை நாட்டுச் சுகாதார நிலையத்தில் வைத்துப் போட முடியுமா என்பதும் பார்க்கப்படும். பட்டியலில் முதலில் ஏறிய ஃபைசர் (2020 டிசம்பர் 31) மைனஸ் 60 டிகிரிக்கும் கீழான குளிர் கேட்டது. கோவிஷீல்டுக்கு 2 முதல் 8 டிகிரி போதும்.

பலரும் தவறவிடுவது ஒன்று: மருந்து மட்டுமல்ல, அது தயாராகும் ஆலையும் கணக்கு. அஸ்ட்ராஜெனெகா ஊசி (இந்தியாவில் அதன் பெயர் கோவிஷீல்டு) 2021 பிப்ரவரி 15 அன்று புனே சீரம் நிறுவனத்துக்கு ஒன்று, கொரியாவின் எஸ்கே பயோவுக்கு ஒன்று என இரண்டாகப் பதிவானது. ஒன்பதே நாளில் புனேயில் தயாரான 6 லட்சம் டோஸ் கானாவில் இறங்கியது.

2022 மார்ச்சில் கோவாக்சின் ஆலையில் ஆய்வாளர்கள் உற்பத்தி முறைக் குறைகளைக் கண்டதும், ஐ.நா. வழியான விநியோகம் ஏப்ரல் 2 அன்று நிறுத்தப்பட்டது. பாதுகாப்பு பற்றியோ செயல்திறன் பற்றியோ ஐயம் எழவில்லை. இந்திய அனுமதியும் அப்படியே இருந்தது. இங்கே ஊசி போடுவது தொடர்ந்தது.