விடியுமுன் புறப்படும் காவடியும் கேமராவின் கணக்கும்

சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சூரியன் எழ ஏழு மணிக்கு மேலாகிவிடும். ஆனால் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் அதற்கு வெகுநேரம் முன்பே டேங்க் ரோட்டிலுள்ள முருகன் கோயிலை நோக்கிப் புறப்பட்டுவிடும். அந்த அரையிருட்டில் என் அக்காள் மகன் எடுத்த படங்கள் எல்லாமே கலங்கியிருந்தன. ஷட்டர் திறந்திருந்தது 1/15 விநாடி, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் எண்ணான ஐ.எஸ்.ஓ. 400. “ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படம் புள்ளிபுள்ளியாகிவிடும் என்கிறார்களே, மாமா?” என்று கேட்டான். இந்தப் பயத்தில் வீணாகும் நல்ல படங்கள் ஏராளம்.

கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சில்லான உணரியில் கோடிக்கணக்கான நுண்ணிய பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஓர் உண்டியலாகவும், ஒளித்துகள்களைக் காசுகளாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் துளை, கோயில் வாசலின் அகலம். ஷட்டர், நடை திறந்திருக்கும் நேரம். உண்டியலில் எவ்வளவு விழும் என்பதை, தெருவிலுள்ள வெளிச்சத்தோடு சேர்ந்து இவ்விரண்டுமே முடிவுசெய்கின்றன. ஐ.எஸ்.ஓ. அப்படியல்ல, விழுந்த தொகையைப் பெருக்கிக் காட்டும் எண் அது. 5 வெள்ளியை 500 காசு என்று சொன்னால் எண் பெரிதாகும், பணம் கூடாது.

அப்படியானால் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? ஒளித்துகள்கள் சீராக வந்து விழுவதில்லை. சராசரியாக 10,000 துகள்கள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும். அது 1 விழுக்காடுதான், கண்ணுக்குத் தெரியாது. 100 துகள்களே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அதாவது 10 விழுக்காடு. அதுதான் புள்ளிகளாகத் தெரிகிறது. குற்றம் பெரும்பாலும் ஒளிப் பஞ்சத்தினுடையது, ஐ.எஸ்.ஓ.வினுடையது அல்ல. குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கினாலும் அதே புள்ளிகள் வந்து நிற்கும். பல கேமராக்களில் இன்னும் சற்று மோசமாகவே இருக்கும்.

நடந்து வரும் காவடியை நிறுத்திப் பிடிக்க 1/250 விநாடி தேவை. 1/15-லிருந்து அங்கே போனால் ஒளி ஏறக்குறைய 16 மடங்கு குறையும். துளையை முழுதும் திறந்தாயிற்று என்றால் ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கு ஏற்றுங்கள், தயங்காதீர்கள். புள்ளிகளை ஓரளவு துடைக்கலாம். கலங்கிய முகத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

துளையின் எண் பலரைக் குழப்புகிறது. லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 25 மில்லிமீட்டர் திறப்பு என்றால் எஃப் 2. வகுக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகும் என்பதால், பெரிய துளைக்குச் சிறிய எண்.

அகலத் திறப்பதற்கும் ஒரு விலை உண்டு. முழுச்சட்டக உணரியுள்ள (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டகத்தின் அளவுள்ள) கேமராவில் 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து 2 மீட்டர் தூரத்தில் குவித்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். மயிலிறகு துல்லியமாக விழும், அதன் பின்னே பக்தரின் கண்கள் மங்கிவிடும். தானியங்கிக் குவியத்துக்குப் பக்தி எது, இறகு எது என்று தெரியாது. இன்றைய பெரும்பாலான கேமராக்களில், லென்ஸின் இரு ஓரங்கள் வழியாக வரும் பிம்பங்களை உணரி ஒப்பிடுகிறது. இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்கிடுகிறது. ஒப்பிட ஏதாவது கோடோ விளிம்போ வேண்டும்; வெறும் இருட்டில் அது தடுமாறும். ஆகவே குவியப் புள்ளியை நீங்களே கண்ணின் மீது வையுங்கள்.

கோயில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் இன்னொரு சிக்கல். சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில எல்.இ.டி. விளக்குகளும் பழைய குழல் விளக்குகளும் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/250-இல் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும். அங்கே நான் 1/100-க்கு இறங்கிவிடுவேன்; ஓர் ஏற்ற இறக்கம் முழுதாக உள்ளே அடங்கிவிடும். வாசலைத் தாண்டியதும் மறுபடி 1/250.